ஒலிபெயர்ப்பை விட்டுத் தமிழ்99க்கு மாறுவது: அவசரத்தில் கை பழையதுக்கே ஓடுகிறது, என்ன செய்யலாம்?

கடைசிவரி (இழையைத் தொடங்கியவர்)

ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழை வரவைக்கும் முறையிலிருந்து, உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி விசை உள்ள தமிழ்99 விசைப்பலகைக்கு மாறுவது பற்றித்தான் கேள்வி. எழுத்து எங்கே இருக்கிறது என்பது பெரிய சிக்கல் இல்லை, அது சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. அவசரம் என்று வந்துவிட்டால் கை தானாகப் பழைய முறைக்குப் போவதுதான் சிக்கல். 'ம' வேண்டும் என்றால் 'ர' விழுகிறது. 'ல' வேண்டும் என்றால் 'த' விழுகிறது. சொல்லின் கடைசி மெய்க்குப் புள்ளி வைக்க மறந்துபோகிறது.

கேட்க நினைப்பது: பழைய பலகையை ஒரேயடியாகக் கணினியிலிருந்து நீக்கிவிட வேண்டுமா, இரண்டையும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா? எந்த வரிசையில் பயிற்சி செய்வது? வேகம் விழுந்து கிடக்கும் நாட்களில் வேலையை எப்படி ஓட்டுவது?

---

மெய்முன்

நீக்கிவிடுங்கள். இரண்டும் இருக்கிற வரை நீங்கள் மாறப் போவதில்லை.

காரணம் எளிது. பழைய பழக்கம் அழிவதே இல்லை. அதை வரவழைக்கும் சூழல் கிடைக்காதபோது சும்மா கிடக்கும், கிடைத்தால் எழுந்து வரும். உங்கள் விஷயத்தில் அந்தச் சூழல் அவசரம். அவசரம் வந்ததும் பலகையை மாற்றும் விசையை ஒரு தடவை அழுத்தினால் பழைய வேகம் திரும்பிவிடும் என்று கைக்குத் தெரியும். அப்படி அழுத்தும் ஒவ்வொரு தடவையும் "கஷ்டம் வந்தால் இங்கே போ" என்ற பாடத்தைத்தான் கை படிக்கிறது. புதிய பழக்கத்துக்குச் சுலபமான வேலை மட்டும் மிஞ்சும். கடினமான வேலையெல்லாம் பழையதிடமே தங்கும்.

விண்டோஸில் செய்ய வேண்டியது: அமைப்புகள், அதில் நேரமும் மொழியும், அதில் மொழி. தமிழுக்கு எதிரே இருக்கும் விருப்பங்களைத் திறந்தால் கீழே விசைப்பலகைகள் என்று பட்டியல் இருக்கும். 'தமிழ் 99' என்பதைச் சேர்த்துவிட்டு மற்ற எல்லாத் தமிழ்ப் பலகைகளையும் நீக்குங்கள். வெறுமனே 'தமிழ்' என்று பெயர் போட்டு ஒன்று இருக்கும். அது இன்ஸ்கிரிப்ட், வேறு அமைப்பு. அதை வைத்துக்கொண்டு "தமிழ்99 தப்புத் தப்பாக வருகிறது" என்று புலம்புகிறவர்கள் நிறைய. இகலப்பை, என்எச்எம் ரைட்டர் மாதிரி தனி மென்பொருள் இருந்தால் அதிலும் ஒலிபெயர்ப்புக்கு ஒதுக்கிய குறுக்குவிசையை எடுத்துவிட வேண்டும். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

மேக்கில் 'அஞ்சல்' என்ற ஒலிபெயர்ப்புப் பலகை, தமிழ்99 இரண்டும் கூடவே வருகின்றன. உள்ளீட்டு மூலங்கள் பட்டியலில் தமிழ்99 மட்டும் இருக்கட்டும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக, எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் கிடைக்கும்.

---

வரைவுப்பெட்டி

மெய்முன் சொல்வது கையில் நேரம் இருப்பவர்களுக்குச் சரி. மாலைக்குள் பக்கம் முடித்துக் கொடுக்க வேண்டியவரிடம் "நீக்கிவிடு" என்றால் அவர் பலகையை நீக்க மாட்டார், மாறும் எண்ணத்தைத்தான் நீக்குவார்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிரிக்கிற கோடு சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் "நேரம் இருந்தால் புதியது, அவசரம் என்றால் பழையது" என்று பிரிக்கிறார்கள். அதுதான் மோசமான கோடு. அவசரமா இல்லையா என்பதை அந்த நொடியில் முடிவு செய்வது நீங்கள், களைத்த மனத்துக்கு எல்லாமே அவசரம்தான். வேலையின் வகையை வைத்துப் பிரியுங்கள். மின்னஞ்சல், குறிப்பு, பட்டியல் எல்லாம் எப்போதும் தமிழ்99. நீண்ட கட்டுரை மட்டும் பழைய முறை. எந்த வகை எதில் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு வகையைப் பழைய பட்டியலிலிருந்து எடுத்துப் புதியதில் சேருங்கள். சேர்த்ததைத் திருப்பி எடுக்கக் கூடாது. இதில் விதி அவ்வளவுதான்.

---

மெய்முன்

வகையை வைத்துப் பிரிப்பது அவசரத்தை வைத்துப் பிரிப்பதைவிட எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பலகையும் ஒரே குறுக்குவிசைச் சுழற்சியில் இருக்கக் கூடாது. பழையது வேண்டுமானால் அமைப்புகளுக்குப் போய்ச் சேர்த்து, வேலை முடிந்ததும் நீக்கவும். அந்த அரை நிமிடத் தொல்லை போதும். பாதித் தடவை "சரி, இதிலேயே அடித்துவிடலாம்" என்று விட்டுவிடுவீர்கள்.

---

ஒற்றுமிகும்இடம்

எந்தப் பலகையை நீக்குவது என்ற சண்டை நடக்கட்டும். விட வேண்டிய பழக்கம் எது என்பதை இன்னும் யாரும் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஒலிபெயர்ப்பில் அடிக்கிறவர் 'நன்றி' என்று நினைத்ததும் மனதில் தமிழ் எழுத்து வருவதில்லை. அந்த ஒலிக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் வருகிறது. பிறகுதான் விரல் நகர்கிறது. ஒலிக்கும் விரலுக்கும் நடுவே நிற்கும் அந்த ஆங்கில எழுத்துக்கூட்டல்தான் விடவேண்டிய பழக்கம். விரல் அசைவு அதன் விளைவு மட்டுமே.

இது தெரியாமல் தமிழ்99 கற்பவர்கள் செய்யும் காரியம்: "ந என்பது அரைப்புள்ளி விசையில், க என்பது எச் விசையில்" என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஒலி, ஆங்கில எழுத்துக்கூட்டல், தமிழ் எழுத்து, அதற்கான ஆங்கில விசை, அப்புறம் விரல். நடுவில் இருந்த ஒரு படி போய் மூன்று படி ஆயிற்று! மெதுவாக இருக்காமல் என்ன செய்யும்?

ஆகவே பார்த்துப் பழகும் படத்தில் தமிழ் எழுத்து மட்டும் இருக்கட்டும். ஆங்கில எழுத்தும் கூடவே அச்சான படம் வேண்டாம். விசையில் ஒட்டும் தாள் வேண்டவே வேண்டாம், அது கண்ணைக் கீழே இழுக்கும். படம் திரைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இடத்தை விரலாலும் வரிசையாலும் சொல்லிப் பழகுங்கள்: 'ந' வலது சுண்டுவிரல் நடுவரிசை, 'த' வலது மோதிரவிரல் நடுவரிசை, 'ம' நடுவிரல், 'ப' ஆள்காட்டி. தட்டும்போது எழுத்தை வாய்விட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள்: ந, ன, ற, இ. நாலு தட்டல், 'நன்றி' வந்துவிடும். ன, ற அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும்.

---

கடைசிவரி

அந்த எழுத்துக்கூட்டல் விஷயம் சுருக்கென்று பட்டது. படத்தை மாற்றிவிட்டேன்.

பிழைகளைக் குறித்து வைத்தால் பயன் உண்டா? அப்படியானால் எப்படிக் குறிப்பது?

---

பிழைநோக்கி

உண்டு. ஆனால் "எத்தனை பிழை" என்று எண்ணிப் பயனில்லை. எந்த எழுத்துக்குப் பதில் எந்த எழுத்து விழுந்தது என்று எழுதுங்கள். அந்த ஜோடியைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

'ன' வேண்டிய இடத்தில் 'ற' அல்லது 'ட' விழுந்தால் அது விரல் நழுவல். மேல்வரிசையில் மூன்றும் பக்கத்துப் பக்கத்து விசைகள். 'ன' வேண்டிய இடத்தில் 'ல' விழுந்தால் அது பழைய பழக்கம். ஆங்கிலத்தில் 'என்' என்ற எழுத்து இருக்கும் விசையில்தான் தமிழ்99இல் 'ல' உட்கார்ந்திருக்கிறது. அதே கணக்கில்:

'க'வுக்குப் பதில் 'ம' விழுந்தால் பழையது.
'ம'வுக்குப் பதில் 'ர', பழையது.
'ல'வுக்குப் பதில் 'த', பழையது.
'ப'வுக்குப் பதில் 'ண', பழையது.
'ய'வுக்குப் பதில் 'ள', பழையது.
'ர'வுக்குப் பதில் 'ஐ', 'ச'வுக்குப் பதில் 'இ', 'த'வுக்குப் பதில் 'ஏ'. மெய் வேண்டிய இடத்தில் உயிர் விழுந்தால் பெரும்பாலும் பழையதுதான். தமிழ்99இல் உயிர் எல்லாம் இடது கையில், மெய் கிட்டத்தட்ட எல்லாம் வலது கையில். விரல் நழுவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகாது.

'ப'வுக்குப் பதில் 'க', 'ற'வுக்குப் பதில் 'ள', 'ர'வுக்குப் பதில் 'ல' என்றால் நழுவல். காரணமும் உண்டு: வலது ஆள்காட்டி விரல் ஒன்றுக்கே ள, ற, க, ப, ல, ர என்று ஆறு எழுத்து. 'பலகை' என்று அடித்துப் பாருங்கள். முதல் மூன்று தட்டலும் அந்த ஒரே விரல், மூன்று வரிசையில் இரண்டில் குதிக்கிறது.

இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. நழுவல் என்றால் வேகத்தைக் குறைத்து அந்த விரலுக்கான சொற்களைத் தனியாக அடிக்க வேண்டும்: பலர், கற்க, பறக்க, கலகம், அரங்கம். பழைய பழக்கம் என்றால் வேகத்தைக் குறைத்து மட்டும் பயனில்லை. தட்டும் முன் தமிழ் எழுத்தைச் சொல்லிவிட்டுத் தட்ட வேண்டும். அதோடு குழம்பும் ஜோடியைச் சேர்த்தே பழக வேண்டும். 'ம', 'ர' குழம்பினால் மரம், மருமகன், அமர், குமரி. 'ல', 'த' குழம்பினால் தலை, கதவில், முதல், காதல். தனித்தனியாகப் பழகினால் பயிற்சியில் சரியாக வரும், உண்மையான எழுத்தில் மறுபடி குழம்பும். குழப்பம் ஜோடியில்தானே இருக்கிறது!

பழையதும் புதியதும் ஒரே இடத்தில் இருப்பது 'வ'வும் 'அ'வும் மட்டும். அந்த இரண்டில் பிழையே வராது, கவனித்துப் பாருங்கள்.

---

பழந்தட்டச்சு

தட்டச்சுப் பயிலகத்தில் படித்துத் தேர்வு எழுதியவர்களுக்கும் இதே பாடு உண்டு. ஆனால் குறுக்கிடும் பழக்கம் வேறு. அவர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் குறுக்கே வராது, பத்து விரலும் ஏற்கெனவே பழகியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிக்கும் பழக்கம்தான் அங்கே எதிரி. 'கெ' என்றால் கொம்பை முதலில், 'க'வைப் பிறகு. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டல்.

தமிழ்99 சொல்லும் வரிசையில் போகிறது. 'க'வைத் தட்டி 'எ'யைத் தட்டினால் 'கெ'. 'க', 'ஒ' என்று இரண்டே தட்டலில் 'கொ'. பழைய கை 'எ'யை முதலில் தட்டினால் திரையில் 'எக' என்று நிற்கும். இப்படி ஆரம்பத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம் வரும் எல்லா இடத்திலும் தடுக்கும். இதற்கென்று தனியாக செடி, தேர், மேடை, கைகள், தொடர், சோலை என்று கொம்புச் சொற்களாகவே அடிப்பது நல்லது.

இன்னொன்று. பழைய எழுத்துருக்களில் 'கௌ' என்பதற்கும் 'கெ' அடித்துப் பக்கத்தில் 'ள' அடிப்பதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒருங்குறியில் இரண்டும் வேறு. 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று அடித்துவிட்டால் தேடலில் சிக்காது, அகரவரிசையில் இடம் மாறும். 'ஔ'க்கு இடது சுண்டுவிரல் கீழ்வரிசையில் தனி விசையே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும்.

---

ஒற்றுமிகும்இடம்

ஐயா சொன்னது முக்கியம். அந்தக் கொம்பு வரிசையை ஒலிபெயர்ப்புக்காரர்கள் கற்கவே வேண்டியதில்லை, அவர்கள் ஏற்கெனவே சொல்லும் வரிசையில்தான் அடிக்கிறார்கள். ஆக, விட வேண்டியது எல்லாருக்கும் ஒன்றல்ல. மாற்றத்துக்கு முன்னால் 'எதை வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு பட்டியல் போட்டால் பாதிச் சுமை குறையும். ஒலிபெயர்ப்புக்காரர் வரிசையை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டலை விட வேண்டும். தட்டச்சுக்காரர் விரல்களை வைத்துக்கொண்டு வரிசையை விட வேண்டும்.

---

கடைசிவரி

புள்ளிக்கு வாருங்கள். 'வந்தான' என்று நிற்கிறது, புள்ளி இல்லாமல். அல்லது வேண்டாத இடத்தில் புள்ளி தானாக வந்துவிடுகிறது.

---

நிரல்நேரம்

அந்த இரண்டும் ஒரே காரணத்தால் வருவது. ஒலிபெயர்ப்பில் மெய் தட்டினால் புள்ளியோடுதான் வரும், 'அ' சேர்த்தால் புள்ளி போகும். தமிழ்99இல் நேர்மாறு. மெய் தட்டினால் அகரத்தோடு வரும், புள்ளியை நீங்கள் வைக்க வேண்டும். ஆக 'அ' தட்டும் பழக்கத்தை விட வேண்டும், புள்ளி தட்டும் பழக்கத்தைச் சேர்க்க வேண்டும். விடுவதும் சேர்ப்பதும் ஒரே இடத்தில் நடப்பதால்தான் இது கடைசி வரை தொல்லை கொடுக்கிறது.

புள்ளி இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழே, நடுவரிசையில், விசையில் சின்ன மேடு இருக்கும் இடம். கையைப் பலகையில் வைத்தாலே விரல் அதன்மேல்தான் இருக்கும்.

தானாக விழும் புள்ளிக்கு விதி இரண்டுதான். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளி: ப, க, க, ம, புள்ளி என்றால் 'பக்கம்'. மெல்லினத்துக்குப் பின் அதன் இன வல்லினம் வந்தால் மெல்லினத்துக்குப் புள்ளி: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. 'வணக்கம்' என்பதற்கு வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டல். ஒலிபெயர்ப்பில் எட்டு, நடுவில் ஒரு ஷிப்ட் வேறு. 'ண'வுக்குப் பின் 'க' வருவது இன ஜோடி இல்லை, அதனால் அங்கே புள்ளி விழாது.

வேண்டாத புள்ளியைத் தடுக்க மெய்க்குப் பின் 'அ' தட்டுங்கள். எழுத்து மாறாது, ஆனால் அடுத்த மெய்யோடு சேர்ந்து புள்ளி விழுவது நிற்கும். 'தத்தளி' என்பதற்கு த, அ, த, த, ள, இ. 'சச்சரவு' என்பதற்கு ச, அ, ச, ச, ர, வ, உ. 'மமதை' என்பதற்கு ம, அ, ம, த, ஐ. 'பற்றற்ற' மாதிரி நாலு 'ற' வரிசையாக வரும் சொல்லில் மூன்றாவது தட்டலை மென்பொருள் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசித்து நிற்காமல், ப, ற, ற, அ, ற, ற என்று போய்விடுங்கள். எதிலும் சரியாக வரும்.

இப்போது பழைய பழக்கத்தின் சேட்டையைப் பாருங்கள். ஒலிபெயர்ப்புக் கை ஒவ்வொரு மெய்க்கும் பின்னால் 'அ' தட்டும். 'அ' விசை இரண்டிலும் ஒரே இடம் என்பதால் உறுத்தவே செய்யாது. திரையிலும் பிழை தெரியாது, ஏனென்றால் எழுத்து மாறுவதில்லை. பலர் இப்படியே மாதக்கணக்கில் வீணாகத் தட்டிக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிக்க வழி: 'கடல்' அடிக்க நாலே தட்டல்தான் ஆக வேண்டும், க, ட, ல, புள்ளி. அதற்கு மேல் போனால் வேண்டாத 'அ' நுழைகிறது.

அழிப்பு விசையிலும் ஒரு சிக்கல். 'கொ' என்று அடித்துவிட்டு ஒரு தடவை அழித்தால் 'ஒ'வின் குறி மட்டும் போய் 'க' நிற்கும். அங்கே வேறு உயிரைத் தட்டினால் சில மென்பொருளில் ஒழுங்காக ஒட்டும், சிலவற்றில் 'கஇ' என்று தனியாக நிற்கும். அழித்த பிறகு முன்னால் இருந்த மெய்யை அது நினைவில் வைப்பதில்லை. கற்கும் காலத்தில் எழுத்தை முழுசாக அழித்துத் திரும்ப அடிப்பதே மேல்.

---

ஏன்மாறணும்

குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒலிபெயர்ப்பில் நன்றாகவே எழுத முடிகிறது, சொல் பரிந்துரையும் வருகிறது. ஆறு தட்டலா எட்டுத் தட்டலா என்பதற்காக இவ்வளவு பாடா?

---

வரைவுப்பெட்டி

நியாயமான கேள்வி. நாளுக்கு நாலு வரி எழுதுகிறவர் மாற வேண்டாம், நேர விரயம். ஆங்கிலத்தில் பார்க்காமல் அடிக்கத் தெரிந்து, தமிழ் எப்போதாவது எழுதுகிறவரும் மாற வேண்டாம். நாளுக்குச் சில பக்கங்கள் எழுதுகிறவர், மெய்ப்புப் பார்க்கிறவர், ஆவணம் தட்டச்சு செய்கிறவர், இவர்களுக்குத்தான் இது.

தட்டல் எண்ணிக்கையும் அவ்வளவு பெரிய விஷயமில்லை. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இவற்றுக்கு ஒலிபெயர்ப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, சிறப்பு எழுத்து என்று பிரித்து வைத்திருப்பார்கள், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். எழுதும்போது கவனம் அதில் செலவாகிறது. தமிழ்99இல் ஒவ்வொன்றுக்கும் தனி விசை, எழுத்துகளில் ஷிப்ட் வேண்டியது கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும் மட்டும். உயிரும் மெய்யும் மாறி மாறி வருவதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும். குறில் நடுவரிசையில், அதற்கு நேர் மேலே நெடில்: அ மேல் ஆ, இ மேல் ஈ, உ மேல் ஊ. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது. பெயரில் இருக்கும் 99 அதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். வலது சுண்டுவிரலுக்கு ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து. இது அதிகம். மணிக்கட்டை மேசையில் ஊன்றிக்கொண்டு சுண்டுவிரலை மட்டும் நீட்டினால் வலிக்கும். 'ச', 'ஞ' இரண்டுக்கும் கையையே கொஞ்சம் நகர்த்த வேண்டும், விரலை இழுக்கக் கூடாது. வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

---

ஏன்மாறணும்

சரி, பக்கம் பக்கமாக அடிக்கும் ஆள்தான். பயிற்சி வரிசை சொல்லுங்கள், பார்க்கலாம்.

---

மெய்முன்

நடுவரிசை மட்டும் முதலில். இடது கையில் அ, இ, உ, புள்ளி, எ. வலது கையில் க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொன்றிலேயே முழுச் சொற்கள் ஏராளம்: தயக்கம், இயக்கம், மதிப்பு, பகுதி, தகுதி, தம்பி, பந்தம், இதயம், முகம், அந்த, எந்த. அர்த்தமில்லாத எழுத்துக் கோவைகளை அடிக்க வேண்டாம். சொல்லாக அடித்தால்தான் தானாக விழும் புள்ளி எங்கே விழுகிறது என்பது கைக்கு ஏறும்.

அடுத்து ன, ட, ற, ர, ல, வ, ஆ. இவை வந்துவிட்டால் சாதாரண வாக்கியங்களில் பெரும்பகுதி அடித்துவிடலாம். பிறகு ள, ச, ஐ, ஏ, ஓ, ஒ. ண, ழ, ஞ, ங, ஈ, ஊ, ஔ கடைசியில். ஒரு தொகுதியைப் படம் பார்க்காமல் அடிக்க வரும் வரை அடுத்ததுக்குப் போகாதீர்கள். 'ங', 'வ' இரண்டும் மெய்யாக இருந்தும் இடது கையில் இருப்பதை நினைவில் வையுங்கள். 'ங்க' வரும் சொல்லில் எல்லாருக்கும் ஒரு தடுமாற்றம் வரும்.

ஒரு அமர்வு 15 நிமிடம், நாளுக்கு இரண்டு. ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கடைசிப் பாதியில் களைப்பில் பிழையையே பழகுவீர்கள். வேகம் அளக்காதீர்கள். அழிப்பு விசை எத்தனை தடவை என்று மட்டும் பாருங்கள். ஒரு பத்தியில் அது குறைந்தால் வேகம் தானாக வரும். அளக்க எப்போதும் புதுப் பத்தியை எடுங்கள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப அடித்தால் அந்தப் பத்தியில் மட்டும் வல்லவர் ஆவீர்கள்.

---

கடைசிவரி

21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிவிடும் என்கிறார்களே?

---

பிழைநோக்கி

அந்த எண்ணுக்கு ஆதாரம் இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 96 பேர் தினமும் செய்யும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் செய்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுமதிப்பு 66. கண்காணித்ததே 84 நாள்தான், ஆகவே 254 என்பது வளைகோட்டை நீட்டிப் போட்ட கணக்கு. இன்னொன்றும் அதில் உண்டு: ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் ஒட்டுவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஆனால் அது சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி பற்றியது. புதிதாகச் சேர்க்கும் செயல். இங்கே பழையது ஒன்று குறுக்கே நிற்கிறது, அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கிவைக்க முடியாது. நாட்களை எண்ணுவதைவிட ஜோடிப் பிழைகளைப் பாருங்கள். பழைய பழக்கத்தால் வரும் பிழை சாதாரணமாக எழுதும்போது நின்று, களைப்பிலும் அவசரத்திலும் மட்டும் வந்தால் பாதிக்கு மேல் வந்துவிட்டீர்கள். அவசரத்திலும் நழுவல் பிழை மட்டுமே வருகிறது என்றால் மாறியாயிற்று.

---

கைப்பேசிக்காரி

கணினியில் எல்லாம் ஒழுங்காகப் பண்ணிட்டு, வாட்ஸ்அப்ல ஆங்கில எழுத்துல தமிழ் எழுதுறவங்களுக்கு என்ன சொல்றீங்க? அதுவும் அதே எழுத்துக்கூட்டல்தானே?

---

ஒற்றுமிகும்இடம்

அதே எழுத்துக்கூட்டல்தான், கசிவு அங்கேதான். கட்டைவிரலில் அடிப்பதால் விரல் பழக்கம் கணினிக்குத் தாவாது. ஆனால் தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தாக நினைப்பது அப்படியே உயிரோடு இருக்கும்.

---

நிரல்நேரம்

கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். கைப்பேசியில் சூழலே வேறு: கை வேறு, திரை வேறு, எழுதும் விஷயம் வேறு. இரண்டு சூழலில் இரண்டு பழக்கம் பிரச்சினை இல்லாமல் இருக்கும், ஆங்கிலத்தில் குவெர்ட்டியும் தமிழில் தமிழ்99உம் ஒரே ஆளிடம் இருப்பது போல. வேண்டுமானால் முதல் சில வாரம் மட்டும் கைப்பேசியில் தமிழைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். ஐபோனில் தமிழ்99 கூடவே வருகிறது, ஆண்ட்ராய்டில் செல்லினம் செயலி போட்டால் கிடைக்கும். நேரமில்லை என்றால் குரலில் சொல்லி எழுத வையுங்கள், அதில் எழுத்துக்கூட்டலே இல்லை.

---

கைப்பேசிக்காரி

குரல் யோசனை நல்லா இருக்கு, ஒற்றுப் பிழை மட்டும் பார்த்துக்கணும்.

---

கடைசிவரி

வரைவுப்பெட்டி சொன்ன மாதிரி வகை பிரித்து, மெய்முன் சொன்ன மாதிரி பழைய பலகையைச் சுழற்சியிலிருந்து எடுத்தாயிற்று. இன்னும் ஒரே ஒரு ஓட்டை. அலுவலகக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை. அங்கே உலாவியில் ஒலிபெயர்ப்புதான் வழி என்று ஆகிவிடுகிறது.

---

நிரல்நேரம்

விண்டோஸ் 10, 11 என்றால் நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. உங்கள் பயனர் கணக்கில் விசைப்பலகை சேர்க்கப் பெரும்பாலும் நிர்வாகி அனுமதி கேட்காது. முயன்று பாருங்கள். கேட்டால், தகவல் தொழில்நுட்பப் பிரிவில் "மென்பொருள் வேண்டும்" என்று கேட்காமல் "தமிழ் மொழிக்குத் தமிழ் 99 விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும்" என்று அமைப்பின் பெயரோடு கேளுங்கள். வேலை சீக்கிரம் நடக்கும். அதுவும் நடக்காவிட்டால் கூகுள் உள்ளீட்டுக் கருவியின் வலைப்பக்கத்தில் மொழியைத் தமிழாக்கி, ஒலிபெயர்ப்புக்குப் பதில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்து அங்கே அடித்து நகலெடுக்கலாம்.

ஒன்று கவனியுங்கள். மேற்கோள் குறி, அரைப்புள்ளி, சதுர அடைப்பு, சாய்கோடு ஆகியவற்றின் வழக்கமான விசைகளில் ய, ந, ச, ஞ, ழ உட்கார்ந்திருக்கும். அந்தக் குறிகள் ஷிப்டோடு கிடைக்கும், விண்டோஸிலும் வலைக்கருவியிலும் இடம் ஒன்றாக இருக்காமல் போகலாம். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே கருவியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

கடைசிவரி

அனுமதி கேட்காமலே சேர்ந்துவிட்டது. அங்கே வெறும் 'தமிழ்' பலகையும் கூடவே வந்து நின்றது, அதையும் எடுத்துவிட்டேன்.